சமன்பாட்டு எண்களும் குழாய்த் தண்ணீரும்

பேரவையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பிகள் தொலைபேசியில் கேட்டபோது, "எனக்கு இலக்கியம் எழுத வராதப்பா, வேதியியல்தான் வரும்" என்றேன். "அதையே எழுதுங்க அண்ணே, தமிழ்ல இருந்தா போதும்" என்று பதில் வந்தது. ஆகவே, படிவம் நான்கில் நாம் எல்லாரும் கடந்து வந்த ஒரு சிறு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். சமன்படுத்திய வேதியியல் சமன்பாட்டிலிருந்து மோல் விகிதத்தை எடுத்துக் கணக்கிடும் பாடம் அது. கலைத்துறை நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றியதும்கூட.

2014ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மழை பொய்த்தது, அணைகளில் நீர்மட்டம் இறங்கியது, பின்னர் நீர்ப் பங்கீடும் வந்தது. வறட்சியோடு சேர்ந்து இன்னொரு தொல்லையும் இருந்தது. லங்காட் ஆற்று நீரில் அம்மோனியா கூடிப்போனதால் செராஸ் பத்து 11, புக்கிட் தம்போய் ஆகிய இரு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் நீர் குறையும்போது அதில் கலக்கும் கழிவு மட்டும் குறைவதில்லை அல்லவா? சாக்கடை நீர், குப்பை மேடுகளிலிருந்து கசியும் நீர், கால்நடைக் கழிவு, உரம் என்று அம்மோனியா வரும் வழிகள் பல. தண்ணீர் லோரி வரும் நேரம் பார்த்து வாளிகளோடு வரிசையில் நின்ற குடும்பங்களில் நம்மவர்களும் நிறைய.

அப்போது வார இறுதிகளில் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடி ஒன்றில் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வேதியியல் துணைப்பாட வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயில் ஏறி வந்துவிடுவேன். கீழே பூக்கடை, மாடிப்படி முழுக்க மல்லிகை வாசனை. செராஸ் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி அன்று வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லையாம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறாளாம். உட்கார்ந்ததும் கேட்டாள்:

"சார், அம்மோனியாவை குளோரின் போட்டு எடுத்துடலாம்தானே? அப்புறம் ஏன் நிலையத்தையே மூடுறாங்க?"

கேட்டதோடு நிற்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் போட்டு வைத்திருந்தாள். குளோரின் போதுமான அளவு இருந்தால் அம்மோனியா நைட்ரஜன் வாயுவாக மாறிப் போய்விடும். அதன் சமன்பாட்டைச் சொற்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

2 அம்மோனியா + 3 குளோரின் → 1 நைட்ரஜன் + 6 ஹைட்ரஜன் குளோரைடு

அம்மோனியா மூலக்கூறு ஒன்றில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. குளோரின் மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள். இடப்பக்கம் எண்ணிப் பாருங்கள்: நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6, குளோரின் 6. வலப்பக்கமும் அதே. சமன்பாட்டில் அவள் தவறு செய்யவில்லை. அடுத்த வரியில்தான் சறுக்கல். நம் சுகாதார அமைச்சு கச்சா நீருக்குப் பரிந்துரைத்துள்ள அம்மோனியா வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இரண்டுக்கு மூன்று என்பதால் அதை ஒன்றரையால் பெருக்கி, 2.25 மில்லிகிராம் குளோரின் போதும் என்று எழுதியிருந்தாள்.

"இவ்வளவுதானே சார்? இதுக்காகவா மூடுறாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தவற்றை நானும் செய்தவன்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. ஆய்வகத்தில் கந்தக அமிலத்தை நடுநிலையாக்க வேண்டும். ஒரு மோல் கந்தக அமிலத்திற்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு என்பது சமன்பாடு. நானோ அமிலம் 10 கிராம் என்றால் ஹைட்ராக்சைடு 20 கிராம் என்று மனத்திலேயே கணக்குப் போட்டு, தராசில் நிறுத்துக் கரைத்து ஊற்றிவிட்டேன். பினாப்தலீன் துளிகள் விழுந்ததும் கரைசல் பளீரென்று இளஞ்சிவப்பாக மாறியது. அமிலமெல்லாம் தீர்ந்து, காரம் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தது. உண்மையில் தேவைப்பட்டது 8.2 கிராம் அளவுதான். இரண்டு மோல் ஹைட்ராக்சைடு 80 கிராம், ஒரு மோல் கந்தக அமிலம் 98 கிராம். இரண்டு என்ற பெரிய எண்ணைத் தாங்கிய பொருள்தான் எடையில் குறைவு! எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலில் நல்ல தேர்ச்சி பெற்றவன் நான். கணக்கின் படிகளை மனனம் செய்திருந்தேனே தவிர, அந்த எண்கள் எதை எண்ணுகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பூக்கடைக் கணக்கு

மாணவியையும் மற்றவர்களையும் ஜன்னல் பக்கம் அழைத்துக் கீழே பார்க்கச் சொன்னேன். மாலை கட்டுபவர் ஒரு ரோஜாவுக்கு மூன்று செவ்வந்தி என்று வைத்துக் கட்டுகிறார் என்று கொள்வோம். பூ மொத்தச் சந்தையிலிருந்து அவருக்குக் கிலோ கணக்கில் வருகிறது. ஒரு கிலோ ரோஜா வாங்கியவர் மூன்று கிலோ செவ்வந்தி வாங்கினால் சரியாக இருக்குமா? இருக்காது. ஒரு ரோஜாவின் எடை வேறு, ஒரு செவ்வந்தியின் எடை வேறு. மாலையின் கணக்கு எண்ணிக்கையில் ஓடுகிறது. கடையின் கணக்கு எடையில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில், "ஒரு கிலோவில் எத்தனை பூ?" என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

வேதியியலில் அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் மோல். மூலக்கூறுகளைப் பூவைப் போல் எண்ண முடியாது, மிகச் சிறியவை. ஆகவே பன்னிரண்டைச் சேர்த்து ஒரு டஜன் என்பதுபோல, பெரிய எண்ணிக்கை ஒன்றைச் சேர்த்து ஒரு மோல் என்கிறோம். 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாளிலிருந்து அந்த எண்ணிக்கை 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளது. நாங்கள் படித்த காலத்தில் கார்பன்-12 ஓரிடத்தனிமத்தின் 12 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று மனனம் செய்தோம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தச் சுற்றுவழி இல்லை.

ஒரு மோல் அம்மோனியா 17 கிராம். ஒரு மோல் குளோரின் 71 கிராம். எண்ணிக்கை ஒன்றே, எடையோ நான்கு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. இப்போது மாணவியின் கணக்கைத் திருத்துவோம்.

இரண்டு மோல் அம்மோனியா 34 கிராம். மூன்று மோல் குளோரின் 213 கிராம். வலப்பக்கம் நைட்ரஜன் 28 கிராம், ஹைட்ரஜன் குளோரைடு 219 கிராம். இரு பக்கமும் 247 கிராம். (இந்தச் சரிபார்ப்பை எப்போதும் செய்யுங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது, பல அவமானங்களிலிருந்து காப்பாற்றும்.) அதாவது 34 கிராம் அம்மோனியாவுக்கு 213 கிராம் குளோரின். ஒன்றரை மடங்கு அன்று, ஏறத்தாழ 6.3 மடங்கு.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. நீர்த் துறையினர் அம்மோனியாவைப் பெரும்பாலும் அதிலுள்ள நைட்ரஜனின் எடையாகவே குறிப்பிடுவர். 34 கிராம் அம்மோனியாவில் நைட்ரஜன் 28 கிராம். 213ஐ 28ஆல் வகுத்தால் 7.6. நீர்த் துறைக் கைநூல்களில் இந்த 7.6 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நானே அதைச் சில காலம் பயன்படுத்தியிருக்கிறேன். வேறெங்கிருந்தும் வரவில்லை, நம் படிவம் நான்கு சமன்பாட்டிலுள்ள 3க்கு 2 என்ற விகிதம்தான் எடை உடுத்தி வந்திருக்கிறது.

ஆக, 1.5 மில்லிகிராமுக்குத் தேவை 2.25 அன்று, 11.4 மில்லிகிராம். "அஞ்சு மடங்கா சார்?" என்று வகுப்பே கேட்டது. ஆம், ஐந்து மடங்கு. அதுவும் தாளில். ஆற்று நீரில் இரும்பு, மாங்கனீசு, அழுகிய இலைதழைகளின் கரிமப் பொருள்கள் எல்லாம் அம்மோனியாவோடு போட்டி போட்டுக் குளோரினை விழுங்கும் என்பதால், நடைமுறையில் எட்டிலிருந்து பத்து மடங்குவரை போட வேண்டியிருக்கும்.

ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் என்றால் நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். (எந்த நிலையத்தின் உண்மையான கணக்கும் அன்று, பெருக்க வசதியான எண்.) வரம்பான 1.5 மில்லிகிராமில், ஒரு நாளில் உள்ளே வரும் அம்மோனியா நைட்ரஜன் 150 கிலோ. அதற்கு மட்டுமே குளோரின் 1.14 டன் வேண்டும். ஆறு கெட்டு, அளவு 5 மில்லிகிராமுக்கு ஏறிவிட்டால் நைட்ரஜன் 500 கிலோ, குளோரின் 3.8 டன். குளோரின் செலுத்தும் கருவிக்கு மணிக்கு இத்தனை கிலோ என்று ஓர் உச்ச அளவு உண்டு. கலந்த குளோரின் வேலை செய்ய நேரமும் வேண்டும். போதாக்குறைக்கு, கரிமப் பொருள்களோடு அது சேரும்போது டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்களும் உருவாகும். குளோரினைக் கூட்டக் கூட்ட அவையும் கூடும். "கொஞ்சம் கூடப் போட்டால் போதாதா?" என்ற கேள்விக்கு அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று இப்போது தெரிகிறது.

குறைந்தால் என்ன ஆகும்?

தேர்வுக்குப் படிக்கும்போது, ஒரு வினைப்பொருள் குறைந்தால் விளைபொருளும் அதற்கேற்பக் குறையும் என்று கற்றோம். பெரும்பாலான கணக்குகளுக்கு அது சரிதான். அம்மோனியாவும் குளோரினும் அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. விகிதம் மாறினால் விளைபொருளே மாறிவிடுகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு மோல் அம்மோனியாவுக்கு ஒரு மோல் குளோரின் என்ற அளவுவரை கிடைப்பது பெரும்பாலும் மோனோகுளோரமின். அம்மோனியாவிலுள்ள ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் குளோரின் அணு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எடையில் பார்த்தால் நைட்ரஜன் 14க்குக் குளோரின் 71, அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதைத் தாண்டிக் குளோரினைச் சேர்த்தால் டைகுளோரமின் தோன்றி, சிதையத் தொடங்குகிறது. 7.6ஐ நெருங்கும்போதுதான் நைட்ரஜன் வாயுவாக வெளியேறி முடிகிறது. அதற்கு அப்புறம் போடும் குளோரின் மட்டுமே தனிக் குளோரினாக நீரில் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீரில் மிஞ்சியிருக்கும் மொத்தக் குளோரினை அளந்துகொண்டே வந்தால், போடப் போட முதலில் அது ஏறும். பிறகு, இன்னும் போட்டுக்கொண்டிருக்கும்போதே இறங்கும். அடியைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறும். குளோரினைக் கூட்டினால் குளோரின் குறைகிறது! முறிவுப் புள்ளி என்று சொல்லப்படுவது அந்த அடிமட்டத்தைத்தான். நீச்சல் குளத்தில் கண்ணைக் கரிக்கும் வாடை அடித்தால் "குளோரின் அதிகம் போட்டுட்டாங்க" என்கிறோம். பல வேளைகளில் உண்மை அதற்கு நேர் எதிர்: வியர்வையும் சிறுநீரும் கொண்டுவந்த நைட்ரஜனுக்குப் போதுமான குளோரின் இல்லாததால், டைகுளோரமினும் டிரைகுளோரமினும் வாடை வீசுகின்றன.

மாணவியின் 2.25 மில்லிகிராமை உண்மையிலேயே போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்று வகுப்பில் கணக்கிட்டோம். எடையில் ஒன்றரை மடங்கு என்பது மோலில் 0.3 மட்டுமே. பத்து அம்மோனியா மூலக்கூறுகளில் மூன்றுக்குத்தான் குளோரின் கிடைக்கும்; மீதி ஏழு அப்படியே இருக்கும். மொத்தக் குளோரினை அளக்கும் சோதனையோ, "குளோரின் இருக்கிறது" என்றே காட்டும். இருப்பது மோனோகுளோரமின், கிருமிகளைக் கொல்வதில் தனிக் குளோரினைவிட மிகவும் மந்தமானது. நீண்ட குழாய்களில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதால் அமெரிக்காவின் டென்வர் போன்ற நகரங்களில் அதையே வேண்டுமென்று தயாரித்து அனுப்புகிறார்கள். அங்கே விகிதத்தைக் கணக்கிட்டு அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். கணக்குத் தப்பி அங்கே போய் நிற்பது வேறு கதை.

எதற்கு எது?

தமிழ்ப் பேரவை மலர் என்பதால் மொழியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எங்கள் தலைமுறை தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் தொடர்ந்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் முடித்தது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009இல் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இடையில் படித்தவர்கள் வேறொரு கலவை. ஒவ்வொரு மாற்றத்திலும் சொல் மாறும். மாணவனும் புதுச் சொல்லை மனனம் செய்துகொள்வான். எங்களுக்கு அது "நிஸ்பா மோல்". தமிழ்நாட்டுப் பாடநூலில் மோல் என்பதை இலங்கைத் தமிழர்கள் மூல் என்று எழுதுகிறார்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் எனக்கு வழக்கு இல்லை.

ஆனால், வகுப்பில் ஒன்றைக் கவனித்தேன். "நிஸ்பா 3 : 2" என்று சொல்லும்போது மாணவர்கள் உடனே எண்களைப் பிடித்துக்கொண்டு பெருக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதையே தமிழில், "எதற்கு எது?" என்று கேட்டால் சற்று நிற்கிறார்கள். "அம்மோனியாவுக்குக் குளோரின் சார்." "கிராமுக்குக் கிராமா, மோலுக்கு மோலா?" அங்கே ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்திற்குப் பிறகு கணக்கு பெரும்பாலும் சரியாக வந்துவிடும். தமிழுக்குத் தனியாக ஏதோ மந்திர சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் அரிசியும் உளுந்தும் ஊறப்போடும்போது அம்மா பேசும் மொழியில் கேட்டதால், விகிதம் என்பது ஏதோ இரண்டு பொருள்களுக்கு இடையிலானது என்று உறைத்திருக்கலாம். தேர்வை மலாயில் எழுதட்டும், ஆங்கிலத்தில் எழுதட்டும். நினைத்துப் பார்ப்பதற்கு இன்னொரு மொழி கையில் இருப்பது நல்லதுதானே?

மறுவாரம் அந்த மாணவி நேரத்தோடு வந்தாள். செராஸில் தண்ணீர் வந்துவிட்டதாம். நோட்டுப் புத்தகத்தில் திருத்திய கணக்கு. கிராமை மோலாக்கி, மோலுக்கு மோல் விகிதம் போட்டு, மறுபடி கிராமாக்கி, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அலகை எழுதியிருந்தாள். அதை அப்பாவிடம் காட்டினாளாம். அவர் லோரி ஓட்டுபவர். 3.8 டன் என்றதும், "ஒரு டன் உருளைன்னா நாளைக்கு நாலு உருளை, ஆத்துத் தண்ணி ஒரு வாரம் அப்படியே இருந்தா இருபத்தெட்டு" என்று உடனே கணக்குப் போட்டுவிட்டாராம். பிறகு சமன்பாட்டின் வலப்பக்கத்தைக் காட்டி, "இந்த ஆறு எங்க போகுது? அது ஆசிட்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

எஸ்.பி.எம். தாளில்கூட அப்படி ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. 500 கிலோ நைட்ரஜனை அகற்றும்போது 3.9 டன் ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகிறது. நீரில் இயல்பாக உள்ள காரத்தன்மை அதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். முழுவதையும் நீற்றிய சுண்ணாம்பு கொண்டே நடுநிலையாக்குவதாக வைத்துக்கொள்வோம் என்று அன்றைய வகுப்பைத் தொடங்கினேன். ஒரு மோல் சுண்ணாம்புக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு. ஆகவே ஆறுக்கு மூன்று. மூன்று மோல் சுண்ணாம்பு 222 கிராம். அது 28 கிராம் நைட்ரஜனுக்கு உரியது. 222ஐ 28ஆல் வகுத்து 500ஆல் பெருக்கச் சொன்னேன். அவள்தான் முதலில் கை தூக்கினாள்.

"மூணு புள்ளி தொண்ணூத்தாறு டன், சார். அப்பா லோரியில ஒரே நடையில ஏத்திடலாம்."